எல்லாரும் ஈரத்தலையோட வந்தாங்க

அடிபட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களப் பாக்கப் போறவங்க, ஆப்பிள் வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. நான் பெரிய மேதாவி எல்லாம் இல்ல. பேரு செல்வி, ஊரு வெள்ளானூர். வானகரத்துல ஒரு துணிக் கம்பெனியில செக்கிங் செக்ஷன்ல வேலை. தைச்சு வர்ற சட்டையில நூல் பிரிஞ்சிருக்கா, பட்டன் கோணலா இருக்கான்னு பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. எதைக் குடுத்தாலும் குறை எங்கன்னுதான் மொதல்ல தேடும். ஆஸ்பத்திரிக்குப் போயும் அது சும்மா இருக்கல.

என் கூட வேலை செஞ்சவ மல்லிகா. வேலைக்குச் சேந்த நாள்லேருந்து கம்பெனி வேன்ல ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு. ஜன்னல் ஓரம் அவளுக்கு, கம்பி ஓரம் எனக்கு. என் டிபன் பாக்ஸ்ல அவ கை, அவ டிபன் பாக்ஸ்ல என் கை. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாத சங்கதி அவளுக்குத் தெரியும். அவரு தெரிஞ்சிக்கவும் வேணாம்.

ஒருநாள் காலையில பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல தப்பு வழியில ஒரு லாரி வந்துச்சு. வேன் சாய்ஞ்சு கொஞ்ச தூரம் இழுத்துக்கினு போச்சு. இதுக்கு மேல அதைப் பத்தி சொல்ல மாட்டேன். பாக்க வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் "எப்படிம்மா ஆச்சு, மொதல்லேருந்து சொல்லு"ன்னு கேக்கக் கேக்க சொல்லி, வாயே தேஞ்சு போச்சு.

ஆம்புலன்ஸ்ல மல்லிகா எனக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தா. "செல்வி, என் செருப்பு ஒண்ணு காணோம் பாருடி"ன்னா. எனக்கு மூச்சு வாங்கிக்கினு இருந்துச்சு. "உயிரோட கீறோம், செருப்பு ஒரு கேடா உனக்கு"ன்னு திட்டினேன். சிரிச்சா. எமர்ஜென்சி வாசல்ல ரெண்டு ஸ்ட்ரெச்சரும் ஆளுக்கொரு பக்கம் போச்சு.

எனக்கு விலா எலும்பு உடைஞ்சு நுரையீரலைக் குத்திடுச்சு. நுரையீரலைச் சுத்திக் காத்து தேங்கிடுச்சாம். பலூனை வெளியிலேருந்து அமுக்கற மாதிரி அந்தக் காத்து நுரையீரலை அமுக்குமாம். அதை வெளியேத்த நெஞ்சுல ஒரு குழாய் சொருகி, அதோட இன்னொரு நுனியை தண்ணி பாட்டில்ல விட்டுட்டாங்க. நான் மூச்சு விட்டா பாட்டில்ல குமிழி வரும். வந்தா நல்லதா, வராட்டி நல்லதான்னு தெரியாம அதையே பாத்துக்கினு கெடந்தேன். தொடை எலும்புக்கு ஆபரேஷன் பண்ணி உள்ள ராடு வச்சாங்க. பில்லைப் பத்தி எழுத மாட்டேன். நெனச்சா மறுபடி நெஞ்சுல குழாய் போட வேண்டி வரும்.

வார்டுக்கு மாத்தின அன்னிக்கு மத்தியானம்தான் அது நடந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் முருகன் வந்தாரு. பின்னாடியே என் தம்பி சேகர். அவனுக்குப் பின்னாடி என் நாத்தனார் கலா. மூணு பேருக்கும் தலை ஈரம். எங்க வீட்டுக்காரர் விடியக்காலையிலயே குளிச்சு முடிக்கிற மனுஷன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தலையில தண்ணி சொட்டச் சொட்ட நிக்கறாரு. கலா வெள்ளிக்கிழமை தவிர தலைக்கு ஊத்தினா சளி புடிக்கும்னு சொல்றவ. அன்னிக்கு வெள்ளிக்கிழமையும் இல்ல. முடியை விரிச்சு நுனியில ஒரு முடிச்சு போட்டிருந்தா. சேகரோட காலர் எல்லாம் ஈரம்.

எங்க பக்கம் சாவுக்குப் போய்ட்டு வந்தா தலைக்கு ஊத்திக்காம யாரும் வாசப்படி ஏற மாட்டாங்க. அதுவும் உடம்பு முடியாதவங்க கிட்ட அப்படியே வர்றதுங்கறது ஆகவே ஆகாத காரியம். மறைக்கணும்னு மூணு பேரும் பேசி வச்சுக்கினு வந்திருக்காங்க. சட்டை மாத்தியாச்சு. மூஞ்சிக்கு பவுடர் கூடப் போட்டாச்சு. ஆனா என் மேல தீட்டு படக்கூடாதுன்னு எனக்காகவே குளிச்சாங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு.

"மல்லிகா எப்படி கீறா?"ன்னு கேட்டேன்.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. "சூப்பரா கீறா"ன்னாரு எங்க வீட்டுக்காரர். "பூந்தமல்லில வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க."

"ஒரு போன் போடு, பேசறேன்."

"அவ போனு ஒடஞ்சு போச்சுமே. நீ ரெஸ்ட் எடு."

சரின்னு தலையாட்டினேன். ஏன் அப்பவே கேக்கலன்னு நீங்க நெனைக்கலாம். பெரிய டாக்டர் எங்க வீட்டுக்காரரைத் தனியா கூப்பிட்டு, அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்காருன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? எங்க குடும்பங்கள்ல படுத்தவங்களுக்கு சாவுச் சேதி சொல்ல மாட்டாங்க. பரம்பரையா அப்படித்தான். அவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க, நான் அவங்களுக்காக நம்பினேன். கேட்டுட்டா அது நெஜமாயிடும்ங்கற பயமும் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

அன்னிக்கு சாயந்திரம் இட்லி குடுத்தாங்க. வாயில வச்சு மென்னேன். உள்ள போகல. தொண்டைக்குழியில ஏதோ உருண்டை மாதிரி நின்னுக்கிச்சு. துப்பிட்டேன். மறுநாள் கஞ்சி. அதுவும் ரெண்டு ஸ்பூனுக்கு மேல எறங்கல.

எங்க வீட்டுக்காரர் பாவம், என்னைத் தேத்தறதா நெனச்சுக்கினு தெனம் ஒரு சேதி கொண்டாந்தாரு. "மல்லிகா உன்னை நல்லா சாப்பிடச் சொன்னா." அடுத்த நாள், "மல்லிகா எழுந்து ஒக்காந்துட்டாளாம். சீக்கிரம் வா, வேலைக்குப் போலாம்னு சொன்னா." அவரு ஒவ்வொரு தடவ சொல்லச் சொல்ல அந்த உருண்டை இன்னும் கொஞ்சம் பெருசாச்சு. கடைசியில தண்ணியே மூக்கு வழியா வர ஆரம்பிச்சிடுச்சு.

கலா அவ பங்குக்கு சும்மா இருக்கல. தர்காவுல ஓதின தண்ணி கொண்டாந்து மூஞ்சில தெளிச்சா. கையில கறுப்புக் கயிறு கட்டினா. நர்ஸ் பாக்காத நேரத்துல உப்பு மிளகா எடுத்து சுத்திப் போட்டா. "பயம் தொண்டையில நின்னுக்கிச்சு அண்ணி, பயந்த கோளாறுதான் இது"ன்னா. நான் சிரிக்கல. என்னை ஒருத்தி தொட்டு, தலையைத் தடவி, கூட ஒக்காந்திருந்தது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

டாக்டருங்க வேற மாதிரி தேடினாங்க. வாய் வழியா சின்ன கேமராவை விட்டு உணவுக்குழாயைப் பாத்தாங்க. வெள்ளையா ஒரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. எல்லாம் பாத்துட்டு, "வழி நல்லா திறந்துதான் இருக்கும்மா. அடைப்பு இல்ல, கட்டி இல்ல. முழுங்கற நேரத்துல அங்க இருக்கற தசை இறுகிக்குது. ஏன் இறுகுதுன்னு தெரியல"ன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. உடம்புல சத்து எறங்காம ஆபரேஷன் பண்ண எடம் ஆறாதாம். இன்னும் சாப்பிடலன்னா மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் போட்டுத்தான் ஆகணும்னாரு. நெஞ்சுல ஒரு குழாய் போட்டு இப்பத்தான் எடுத்தாங்க, அடுத்தது மூக்குலயா? எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்.

அதுக்கு முன்னாடி மனநல டாக்டர் ஒரு தடவ பாக்கட்டும்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் குதிச்சாரு. "இன்னா சார், என் பொண்டாட்டி இன்னா மெண்டலா? தொண்டைக்குத்தான் வைத்தியம் கேட்டேன்!"

"யோவ், சும்மா இருய்யா. வரட்டும்"னேன்.

வந்தாங்க. சின்னப் பொண்ணு, ஈரோட்டுப் பக்கம், பேச்சுல ஒரு 'ங்க' ஒட்டிக்கினே வரும். மொத நாள் எனக்கு அவங்களைப் புடிக்கல. கெட்ட கனவு வருதாங்களான்னு கேட்டாங்க. தூங்கினாத்தான கனவு வரும்னேன். விபத்து திரும்பத் திரும்ப கண்ணு முன்னாடி வருதாங்களான்னு கேட்டாங்க. பாக்க வர்றவங்கதான் திரும்பத் திரும்ப வராங்கன்னேன். மூச்சை நல்லா ஆழமா இழுத்து விடுங்கன்னாங்க. விலா எலும்பு உடைஞ்சவகிட்ட! அமைதியான ஒரு எடத்தை நெனச்சுக்குங்க, கடற்கரை மாதிரின்னாங்க. கடற்கரைக்குப் போனா புள்ள எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துக்கினே இருக்கணும், அதுல எங்கருந்து அமைதின்னு கேட்டேன். அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. போய்ட்டாங்க.

மறுநாள் மறுபடி வந்தாங்க. இந்தத் தடவ கையில கேள்வித்தாள் ஒண்ணும் இல்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காந்து, "உங்ககூட வந்தவங்க எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டாங்க.

"செத்துட்டா"ன்னேன்.

அதுதான் மொத தடவ அந்த வார்த்தை என் வாயிலேருந்து வந்தது.

"யாருங்க சொன்னாங்க? உங்களுக்கு இன்னும் சொல்லலைன்னுதானுங்களே இங்க சொன்னாங்க..."

"யாரும் சொல்லல. பாக்க வந்த மூணு பேருக்கும் தலை ஈரம்."

அவங்களுக்கு நான் மேல ஒண்ணும் விளக்க வேண்டியிருக்கல. ஈரோட்டுலயும் அதே வழக்கம்தான் போல. அப்புறம், "நீங்க நல்லா இருந்து, வீட்ல இருக்கும்போது இந்தச் சேதி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு கேட்டாங்க.

"ஓடியிருப்பேன். செருப்பு கூட போட்டிருக்க மாட்டேன். அவ அக்கா தேவகியைக் கட்டிப் புடிச்சிக்கினு மாருல அடிச்சிக்கினு அழுதிருப்பேன். எடுக்கற வரைக்கும் அங்கயே கெடந்திருப்பேன். அப்புறம் வந்து தலைக்கு ஊத்திக்கினு சோறு தின்னிருப்பேன்."

"அவ்வளவு அழுதப்புறம் சாப்பிட முடியுங்களா?"

"அழுதாத்தாம்மா சாப்பிட முடியும். அழறதுக்கு முன்னாடி சாவு வீட்ல எவ சாப்பிடுவா?"

சொல்லி முடிச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். பெரிய அதிர்ச்சி பட்டா கனவு வரும், காட்சி வரும், மனசு மரத்துப் போகும்னு படிச்சுட்டுத்தான் வந்தாங்களாம். இங்க வேலைக்கு வந்து பாத்தா, வர்றவங்கள்ல நெறைய பேரு தொண்டை அடைக்குது, நெஞ்சு எரியுது, தலை பாரமா இருக்குன்னுதான் சொல்றாங்களாம். மனசு கஷ்டம்னு வாயைத் தெறந்து சொல்லிப் பழக்கமில்லாத எடத்துல உடம்புதான் பேசுதுன்னாங்க. "நடிப்பு இல்லைங்க, நெஜமாவே தசை இறுகுது. அழுகை அடைச்சுத்தான் வந்துச்சுன்னா, நீங்க பழகின மாதிரி அழுதாத்தான் போகுமோ என்னமோ. நாளைக்கு வரைக்கும் குழாயைத் தள்ளி வைக்கச் சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க. மொதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க"ன்னாங்க. தூக்கத்துக்கு ஒரு ஊசியும் போடச் சொல்லிட்டுப் போனாங்க.

சாயந்திரம் அவரு வந்தாரு. கையில பிளாஸ்க். மூஞ்சில சிரிப்பை ஒட்டிக்கினு, "மல்லிகா இன்னா சொன்னா தெரியுமா..."

"யோவ், செத்தவ எப்படியா சேதி அனுப்புவா?"

பிளாஸ்க்கை அப்படியே கட்டில் மேல வச்சுட்டு தரையில ஒக்காந்துட்டாரு. நான் அந்த மனுஷன் அழுது பாத்ததே இல்ல. அவங்க அப்பா செத்தப்ப கூட பந்தல்காரனுக்கும் ஐஸ் பொட்டிக்கும் ஓடிக்கினே இருந்தாரு. இப்ப புள்ள மாதிரி விசும்பறாரு. "நாந்தான்மே ஒரு பக்கம் தூக்கினேன். அவளைத் தூக்கிட்டு வந்து உன்கிட்ட சிரிக்கணும்னா எப்படிமே முடியும்? டாக்டரு அதிர்ச்சி ஆவாதுன்னாரு. நீயும் போயிட்டின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

தெனம் படிக்கட்டாண்ட நின்னு மூஞ்சி கழுவிட்டுத்தான் மேல வருவாராம். நான் என் தொண்டையை மட்டும் பாத்துக்கினு இருந்தேன், இந்த ஆளு எதை எங்க முழுங்கினாருன்னு பாக்கவே இல்ல. கை எட்டின வரைக்கும் தலையைத் தடவிக் குடுத்தேன்.

"என்னை அவ வீட்டுக்குக் கூட்டிக்கினு போ."

"கால்ல ராடு கீதுமே! எப்படி போவ?"

"அப்போ தேவகி அக்காவை இங்க வரச் சொல்லு."

இதுக்குத்தான் கலா ஒத்துக்கவே இல்ல. "அண்ணி, உங்களுக்கு இன்னா ஆச்சு? இன்னும் கருமாதி ஆவல. சாவு ஊட்டுக்காரங்க யார் ஊட்டுக்கும் போகக் கூடாது, அதுல ஆஸ்பத்திரிக்கு, பச்ச ஒடம்புக்காரி கிட்ட! எதனா ஆச்சுன்னா?"

"இதுக்கு மேல எனக்கு இன்னாடி ஆவணும்? நாளைக்கு மூக்குல குழாய் சொருகப் போறாங்க. எனக்கு அவளுக்காக அழணும். அழாம இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போக மாட்டேன், போ!"

கத்தினதுல விலா எலும்பு வலியில உயிர் போச்சு. ஆனா கத்த முடிஞ்சுது. சேகர் வண்டி சாவியை எடுத்துக்கினு தேவகி அக்கா வீட்டுக்குக் கெளம்பினான்.

மறுநாள் காலையில தேவகி அக்கா வந்தாங்க. வார்டுக்குள்ள வரல. "எங்க ஊட்டு தீட்டை எதுக்கு அத்தனை நோயாளிங்க மேல ஏத்தணும், நான் வெளியவே நிக்கறேன்"னு ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல நின்னுட்டாங்க. மனநல டாக்டரம்மா நர்ஸ்கிட்ட பேசி வச்சிருந்தாங்க போல. என்னை வீல்சேர்ல ஏத்தி, காலை நீட்டி வச்சு, கீழ தள்ளிக்கினு போனாங்க.

அக்கா என்னைப் பாத்ததும் ஓடி வந்தாங்க. கட்டிப் புடிக்க முடியாது, நெஞ்சுல கட்டு. அதனால வீல்சேர் பக்கத்துல குந்தி, என் நல்ல கால் மேல தலையைச் சாச்சுக்கினு எடுத்தாங்க ஒரு கொரல். "ஜோடியா வேலைக்குப் போனீங்களே, ஒருத்தியை மட்டும் திருப்பி அனுப்பிச்சுட்டாங்களே!"

எனக்கு வாய் தெறந்துச்சு, சத்தம் வரல. தொண்டை பூட்டிக்கினு இருந்துச்சு. அக்கா என் முழங்காலைப் புடிச்சு ஆட்டினாங்க. "அவ உன்கிட்ட இன்னாடி சொன்னா? கடைசியா இன்னா சொன்னா?"

அப்ப வந்துச்சு. "ஒத்தச் செருப்போட போனியேடி! செருப்பைத் தேடச் சொன்னியே, தேடித் தரலியேடி நான்!"

அதுக்கப்புறம் என்ன சொல்லி அழுதேன்னு எனக்கே தெரியாது. விலா எலும்பு ஒவ்வொரு விம்மலுக்கும் குத்துச்சு. குத்தட்டும்னு அழுதேன். கொஞ்ச நேரத்துல பாத்தா எங்க பக்கத்துல இன்னும் ரெண்டு பொம்பளைங்க குந்தியிருக்காங்க. யாருன்னே தெரியாது. ஐசியூ வாசல்ல நாள் கணக்கா ஒக்காந்திருந்தவங்களாம். எங்க மல்லிகாவை அவங்களுக்குத் தெரியாது. ஆனா அக்கா தோளைப் புடிச்சிக்கினு அவங்கவங்க கதையைச் சொல்லி அழுதாங்க. எந்த சாவு வீட்லயும் அப்படித்தான நடக்கும்.

செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்தாரு. "அம்மா, இங்கெல்லாம் அழக் கூடாது."

அதுல ஒரு அம்மா மூக்கைச் சிந்திட்டு நிமிந்தாங்க. "இன்னா நைனா, ஆஸ்பத்திரில அழாம வேற எங்க போய் அழுவாங்க?"

அவரு தொப்பியைக் கழட்டி வச்சிக்கினு கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் நாலு டம்ளர் தண்ணி கொண்டாந்து வச்சாரு.

இத்தோட எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிடாதீங்க. வேலைக்குத் திரும்பிட்டேன், மறுபடியும் கம்பெனி வேன்தான். ஜன்னல் ஓரத்துல இப்ப நான் ஒக்காந்துக்கறேன், வேற எவளையும் விடறதில்ல. லாரிக்காரன் ஹாரன் அடிச்சா இன்னமும் தொண்டை இறுகும். அப்ப எச்சிலை மெதுவா முழுங்கி, முழுங்க முடியுதுன்னு எனக்கு நானே காட்டிக்குவேன். டாக்டரம்மாகிட்ட மாசா மாசம் போறேன். மூச்சுப் பயிற்சியும் பண்றேன், எலும்பு கூடினப்புறம் அது நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரரும் கூட வராரு. மொதல்ல வெளிய நிப்பாரு, இப்ப உள்ள வந்து ஒக்காந்துக்கறாரு. ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்றதை விட்டுட்டோம். பாக்கப் போறவங்களுக்கு நான் சொல்றதும் அதுதான். படுத்திருக்கறவங்களுக்குக் கண்ணு இருக்கு. சேதியைச் சொல்லுங்க, சொல்லிட்டு எழுந்து ஓடாம கூட ஒக்காந்து அழுங்க.

அன்னிக்கு நடந்ததை முடிச்சிடறேன். மேல வந்ததும் கலாகிட்ட, "தலைக்கு ஊத்தி வுடுடி, சாவுக்குப் போய்ட்டு வந்திருக்கேன்"னேன். அவ்ளோ நேரம் உம்முனு இருந்தவ அப்படியே அழுதுட்டா. நர்ஸ், கட்டு நனையக் கூடாதுன்னு கழுத்துக்குக் கீழ பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சுக் குடுத்தாங்க. கட்டில் ஓரமா தலையைத் தொங்க விட்டு, அடியில பக்கெட்டை வச்சு, கலா மக்குல மொண்டு மொண்டு வெதுவெதுன்னு தண்ணி ஊத்தினா. துண்டால துவட்டி, முடியை விரிச்சு, நுனியில ஒரு முடிச்சு போட்டு விட்டா.

எங்க வீட்டுக்காரர் ரசஞ்சோறு கொழையப் பெசைஞ்சு கொண்டாந்திருந்தாரு. மொத வாய் தொண்டையில நின்னுச்சு. இருமினேன். ரெண்டாவது வாய் பாதி வந்து பாதி போச்சு. மூணாவது வாயை வச்சுக்கினு கண்ணை மூடி, மல்லிகா செத்துட்டா, நான் போய் அழுதுட்டு வந்துட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன். எறங்கிச்சு. அடுத்த வாயை அவரே ஊட்டி விட்டாரு.

அந்த நேரம் பாத்து பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாரு. பின்னாடி ட்ரேயில குழாயை வச்சிக்கினு ஒரு நர்ஸ். ஈரம் காயாத என் முடியையும் பக்கெட்டையும் பாத்துட்டு, "யாரும்மா இது? நெஞ்சுல அடிபட்டவளுக்கு இந்த நேரத்துல யார் தலைக்கு ஊத்தினது?"ன்னு சத்தம் போட்டாரு.

வாயில இருந்த சோத்தை முழுங்கிட்டு, "சாவுக்குப் போய்ட்டு வந்தேன் சார்"னேன்.